கையஸின் ‘ஸ்கை வேலி’: மூன்றே மூச்சில் ஒரு ஆல்பம்

கையஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘வெல்கம் டு ஸ்கை வேலி’ 1994 ஜூனில் வந்தது. உறையில் பத்துப் பாட்டுகளின் பெயர் இருக்கும். சிடியைப் போட்டாலோ மூன்று நீண்ட டிராக்குகளும், கடைசியில் சொல்லாமல் ஒளித்துவைத்த ஒரு நிமிடத் துண்டும்தான். முதல் டிராக்கில் மூன்று பாட்டு, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் நான்கு. ஐந்தாவது பாட்டு மட்டும் வேண்டும் என்றால் ரிமோட்டில் அதற்கு வழி கிடையாது. ஃபாஸ்ட் ஃபார்வர்டு பொத்தானை அழுத்திக்கொண்டு தேட வேண்டியதுதான். உள்தாளில் ஒரு வேண்டுகோளும் அச்சாகியிருந்தது: கவனம் சிதறாமல் கேளுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் அந்த வேண்டுகோளுக்கு இடமில்லாமல் போய்விட்டது. பத்தும் பத்தாகப் பிரிந்து கிடக்கின்றன. ‘டீமன் கிளீனர்’ ஏதோ ஒரு பிளேலிஸ்ட்டில் வரும், நன்றாக இருக்கிறதே என்று தலையாட்டுவோம், உடனே வேறொரு குழுவின் பாட்டு வந்துவிடும். அதோடு சரி. தாழ்ந்த சுருதியில் கனமாக வாசிக்கும் ஸ்டோனர் ராக் என்ற வகையில் இதைவிடக் கனமான ஆல்பங்கள் உண்டு, இதைவிட மெதுவானவையும் உண்டு. ஆனால் எதற்குப் பிறகு எதை வைத்தால், எங்கே எவ்வளவு விட்டால் கனம் கூடும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்து செய்த ஆல்பம் வேறில்லை என்றே நினைக்கிறேன். துண்டு துண்டாகக் கேட்பவருக்கு அந்த வேலைப்பாடு எட்டுவதே இல்லை.

ஸ்கை வேலி நிஜமான ஊர். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு கவுன்டியில், பாம் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே, கோச்செல்லா பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது. உறையில் தெரிவது அந்த ஊரின் வரவேற்புப் பலகை. பலகையில் இருந்த வாசகமே ஆல்பத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது. குழு உருவானது அதே பள்ளத்தாக்கில் இருக்கும் பாம் டெசர்ட்டில், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர். 80-களின் கடைசியில் அங்கே இளைஞர்கள் சத்தமாக வாசிக்க இடம் அதிகம் கிடையாது. ஜெனரேட்டரையும் ஆம்ப்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே பாலைவனத்துக்குப் போய் இரவெல்லாம் வாசித்தார்கள். ஜெனரேட்டர் பார்ட்டி என்றே அதற்குப் பெயர். கையஸ் அங்கே பழகிய குழு.

இதைக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது போதாது, ஏனென்றால் ஒலியியல் ரீதியாகவே அந்த இடம் வேறு. அறைக்குள் வாசித்தால் சுவரும் கூரையும் தாழ்ந்த ஸ்வரங்களைத் திருப்பி அனுப்பித் தடிமன் கூட்டும். வெட்டவெளியில் அந்த உதவி கிடையாது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும், போனது போனதுதான். உயர்ந்த அதிர்வெண்களைக் காற்றே தின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே கிட்டார் வைத்துக்கொண்டு கூட்டத்தின் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்றால், கிட்டாரிலிருந்தே பேஸ் வர வேண்டும். கிட்டார் கலைஞர் ஜாஷ் ஹாமி, தந்திகளை வழக்கத்தைவிட இரண்டு முழு ஸ்வரம் இறக்கி, பேஸ் கிட்டாருக்கான ஆம்ப், கேபினட் வழியாக வாசித்தார். கையஸ் ஒலி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவுக்குள் அடங்கிவிடும்.

ஆல்பம் பதிவானது 1993-ல், லாஸ் ஏஞ்சல்ஸின் வான் நைஸ் பகுதியில் இருந்த சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில். இரண்டு வருடம் முன்பு நிர்வாணா தங்கள் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அங்கேதான். நீவ் 8028 என்ற ஒலிக்கலவை மேசையும், டிரம்ஸை உயிரோடு வைத்திருக்கும் பெரிய கூடமும் அந்த ஸ்டுடியோவின் அடையாளங்கள். தயாரிப்பு, குழுவோடு சேர்ந்து மாஸ்டர்ஸ் ஆஃப் ரியாலிட்டி குழுவின் கிறிஸ் காஸ். முந்தைய ஆல்பமான ‘ப்ளூஸ் ஃபார் தி ரெட் சன்’ (1992) அவர் கைபட்டதுதான். குரல் ஜான் கார்சியா, டிரம்ஸ் பிராண்ட் பியோர்க். பேஸில் நிக் ஒலிவெரி போய், தி அப்செஸ்டு குழுவிலிருந்து ஸ்காட் ரீடர் வந்திருந்தார். ஹாமிக்கும் பியோர்க்குக்கும் அப்போது இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். அந்த வயதில் இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது என்பது ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வியப்பாக இருக்கிறது.

முதல் பகுதி சுமார் 18 நிமிடம். ‘கார்டினியா’, ‘ஆஸ்டராய்டு’, ‘சூப்பா ஸ்கூப்பா அண்ட் மைட்டி ஸ்கூப்’.

‘கார்டினியா’ பியோர்க் எழுதியது. டிரம்மர் எழுதிய ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) என்பது கேட்டாலே தெரியும்: மெட்டைவிட அடிதான் முன்னால் நிற்கிறது. முதல் தடவை கேட்கும்போது பெரிய கிட்டார் சத்தம் என்று மட்டும்தான் தோன்றும். இரண்டாவது தடவை, கிட்டாரைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டு ரீடரின் பேஸை மட்டும் பிடிக்கப் பாருங்கள். கஷ்டமாக இருக்கும், அந்தக் கஷ்டத்துக்குக் காரணம் உண்டு. சி சுருதிக்கு இறக்கிய கிட்டாரின் தடித்த தந்தி 65.4 ஹெர்ட்ஸ். அதன் ஐந்தாவது ஸ்வரமான ஜி 98 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து, ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் ஃபஸ்ஸுக்குள் அனுப்பினால், ஃபஸ் அவற்றின் வித்தியாசத்தையும் ஒரு ஸ்வரமாக உற்பத்தி செய்யும். 98-லிருந்து 65.4 போனால் 32.6. இறக்கிய பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 32.7 ஹெர்ட்ஸ். அதாவது வேர் ஸ்வரமும் ஐந்தாவதும் சேர்ந்த கிட்டாரின் பவர் கார்டு, பேஸ் வாசிக்கும் அதே ஸ்வரத்தைத் தானும் அடியில் பிறப்பிக்கிறது. கிட்டார் எங்கே முடிகிறது, பேஸ் எங்கே தொடங்குகிறது என்று காது தடுமாறுவது இதனால்தான். ரீடர் வேர் ஸ்வரத்திலிருந்து நகர்ந்து மேலே போகும் இடங்களில்தான் பேஸ் தனியாகப் புலப்படும், அவரும் அந்த நகர்வுகளைச் சிக்கனமாகத்தான் செலவு செய்கிறார்.

அடுத்து ‘ஆஸ்டராய்டு’. குரலே இல்லாத பாட்டு. மெல்லிய, எதிரொலிக்கும் கிட்டாரில் தொடங்கிப் பெருக்கிக்கொண்டே போகிறது. தனியாகக் கேட்டால் ஐந்து நிமிட ஒத்திகை போலக்கூடத் தோன்றலாம். ‘கார்டினியா’வின் ஏழு நிமிட இடிக்குப் பிறகு வரும்போதோ, அந்த அமைதியான தொடக்கத்தில்தான் நாம் இதுவரை எவ்வளவு சத்தத்துக்குள் இருந்தோம் என்பதே உறைக்கிறது. குரல் திரும்பி வரும்போது அது மூன்றாவது பாட்டு.

அந்த மூன்றாவது பாட்டின் முடிவுதான் முதல் பகுதியின் உச்சம். குழு மொத்தமும் ஓர் அடி அடிக்கிறது, நிற்கிறது. மறுபடி அடிக்கிறது, நிற்கிறது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மீண்டும் வருகிறது. இங்கே கேட்க வேண்டியது அடியை அல்ல, இடையில் உள்ள மௌனத்தை. நால்வரும் மனதுக்குள் ஒரே எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பியோர்க் மௌனத்தில் ஹை-ஹாட்டைத் தட்டி உதவுவது கிடையாது. வாசித்துப் பார்ப்பவர்கள் இங்கேதான் விழுவார்கள்: மௌனத்தில் அவசரப்பட்டு, அரை அடி முன்னால் வந்துவிடுவார்கள். இன்னொரு தவறு, சத்தத்தைச் சுத்தமாக வெட்டுவதற்காக நாய்ஸ் கேட் பெடலை நம்புவது. கேட்டை இறுக்கினால் மௌனம் சுத்தமாக இருக்கும், ஆனால் அதே ரிஃப்பில் நீண்டு ஒலிக்க வேண்டிய ஸ்வரங்களின் வாலும் சேர்ந்து போய்விடும். வலது உள்ளங்கையைப் பிரிட்ஜ் பக்கமும் இடது விரல்களை நெக்கிலும் ஒரே நேரத்தில் தந்திகள் மேல் படுக்க வைப்பதுதான் சரி. கீழே இறக்கிய தந்தி தளர்வாக ஆடும் என்பதால் ஒரு கை போதாது.

இரண்டாம் பகுதி 15 நிமிடம், மூன்றிலும் சிறியது. ‘100°’ இரண்டரை நிமிட ஓட்டம். அதை ஒட்டியே ‘ஸ்பேஸ் கேடட்’ என்ற ஏழு நிமிட அகூஸ்டிக் பாட்டு. ஆல்பத்தின் வேகமான பாட்டு ஒன்றும் அமைதியான பாட்டும் தோளோடு தோள் நிற்கின்றன. அமைதியான பாட்டுதான் நீளமானது. வழக்கமான ராக் ஆல்பத்தில் இது தலைகீழாக இருக்கும். அகூஸ்டிக் துண்டு ஒன்றரை நிமிடம் வந்து மூச்சு வாங்கவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இங்கே அதற்கு முழு இருக்கை. ரீடரின் பேஸ் கடைசியில் தனியாக, வெளிச்சத்தில் கேட்பது இங்கேதான். முதல் பகுதியில் கிட்டாருக்குள் கரைந்திருந்த அதே கை, மெட்டைத் தானே எடுத்துப் பாடுகிறது. கார்சியாவும் தொண்டையை இறுக்காமல் பாடுகிறார்.

ஏழு நிமிட அமைதிக்குப் பிறகு ‘டீமன் கிளீனர்’ வருகிறது. பிளேலிஸ்ட்டில் கேட்பவர்களுக்கு இது ஒரு நல்ல நடுவேகப் பாட்டு, அவ்வளவுதான். வரிசையில் கேட்டால் மின்சாரம் திரும்பி வந்தது போல் இருக்கும். ஒரே ரிஃப்பை விடாமல் சுற்றிச் சுற்றி வரும் பாட்டு இது. வரிகளைப் பல் துலக்குவதைப் பற்றியவை என்றுதான் பலரும் படிக்கிறார்கள், அப்படிப் படித்தால் கச்சிதமாகப் பொருந்தவும் செய்கிறது. கையஸில் வரிகளுக்காக யாரும் தங்குவதில்லை. கார்சியாவின் குரல் மிக்ஸில் கிட்டாருக்கு மேலே நிற்காமல் உள்ளேயே, இன்னொரு வாத்தியமாக அமர்ந்திருக்கிறது. சொற்கள் புரியவில்லை என்று ஒலியைக் கூட்டினால் புரியாது, கிட்டார்தான் கூடும். அது வேண்டுமென்றே செய்த சமநிலை.

மூன்றாம் பகுதி 18 நிமிடத்துக்குச் சற்று மேல். ‘ஒடிசி’யும் ‘கோனன் டிரவுட்மேன்’ என்ற இரண்டு நிமிடத் துடிப்பும் வேகமாகக் கடந்துவிடும். ‘என்.ஓ.’ என்ற பாட்டுக்கு மட்டும் ஒரு பின்னணி உண்டு. அது கையஸின் பாட்டு இல்லை. அக்ராஸ் தி ரிவர் என்ற முந்தைய தலைமுறைப் பாலைவனக் குழுவின் பாட்டு. அந்தக் குழுவில் இருந்தவர்கள் மாரியோ லாலி, ஸ்காட் ரீடர், ஆல்ஃபிரடோ ஹெர்னாண்டஸ். லாலி பாலைவன இசைக் கூட்டங்களின் மையப்புள்ளிகளில் ஒருவர், பின்னாளில் ஃபாட்சோ ஜெட்சன் குழுவை நடத்தியவர். ‘என்.ஓ.’வில் அவரே வந்து கிட்டார் வாசித்திருக்கிறார். முன்னோடிகளுக்கு நன்றி சொல்ல உள்தாளில் ஒரு வரி போதும். இவர்கள் ஆல்பத்தின் கடைசிப் பகுதிக்குள்ளேயே இடம் கொடுத்தார்கள்.

கடைசியில் ‘ஒயிட்வாட்டர்’, எட்டு நிமிடம். ஒயிட்வாட்டர் அந்தப் பள்ளத்தாக்கின் ஆறு. ஆல்பம் எந்த ஊர்ப் பலகையில் தொடங்கியதோ அந்த நிலத்திலேயே வந்து முடிகிறது. முன்பு கேட்ட உத்திகள் எல்லாம், அதாவது பொறுமையான ஏற்றம், குரல் ஒதுங்கி நிற்கும் நீளமான வாத்தியப் பகுதி, அவசரமே படாத டிரம்ஸ், இங்கே ஒரே பாட்டுக்குள் வருகின்றன. இதை முதலில் கேட்காதீர்கள். நாற்பது நிமிடம் நடந்து வந்து சேர்ந்தவருக்குத்தான் அதன் நீளம் சரியான நீளமாகத் தெரியும்.

சரி, எப்படிக் கேட்பது? ஸ்ட்ரீமிங் செயலியில் முதலில் ஷஃபிளை அணையுங்கள். கிராஸ்ஃபேட் இருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ‘சூப்பா ஸ்கூப்பா’வின் கடைசி மௌனங்கள் மேல் ‘100°’ ஏறி உட்கார்ந்துவிடும். இடைவெளியற்ற பிளேபேக், அதாவது கேப்லெஸ், இயங்கட்டும். ஒலியளவைச் சமன்படுத்தும் நார்மலைசேஷனையும் அணைத்துவிடுங்கள். அது பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகச் சமன் செய்தால் ‘ஸ்பேஸ் கேடட்’ உயர்ந்து, ‘டீமன் கிளீனர்’ தாழ்ந்து, இரண்டாம் பகுதியின் முழு நோக்கமும் வீணாகும். மொத்தம் 52 நிமிடம். ஒரேயடியாக முடியாதவர்கள் பகுதி முடிந்ததும் நிறுத்தலாம். மூன்று, ஆறு, பத்து ஆகிய எண்களில் மட்டும் நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம்.

ஃபோன் ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தின் பாதி வராது. அந்தச் சிறு ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் தராது. மேலே உள்ள ஹார்மோனிக்ஸை வைத்து மூளை அடிஸ்வரத்தை ஊகித்துக்கொள்ளும் என்பதால் மெட்டு புரியும், எடை வராது. நான்கு, ஐந்து அங்குல வூஃபர் உள்ள ஷெல்ஃப் ஸ்பீக்கர்களும் பொதுவாக 60 ஹெர்ட்ஸ் பக்கம் தளர்ந்துவிடும். கிட்டார் வந்துவிடும், பேஸின் கடைசி ஆக்டேவ் ஏறக்குறைய முழுவதும் வராது. காதை முழுக்க மூடும் ஹெட்போன்தான் எளிய தீர்வு. இயர்பட்ஸ் என்றால் ரப்பர் முனை காதில் இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். சற்றுக் கசிந்தாலும் முதலில் போவது பேஸ்தான்.

பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அறை ஒரு பிரச்சினை. 10-க்கு 12 அடி அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 57, 47 ஹெர்ட்ஸில் அதிர்வு தேங்கும். பேஸின் பி ஃபிளாட் 58 ஹெர்ட்ஸ். சி சுருதியில் அது ஒரு திறந்த தந்தியின் ஸ்வரம், அடிக்கடி வரும். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் உப்பிக்கொண்டு மற்றவை அமுங்கினால் பதிவின் மேல் பழி போடாதீர்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரிரு அடி முன்னே இழுங்கள், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். அறையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி வாசிப்பவர்களுக்கு. கேட்டதும் கிட்டாரை எடுத்துக் கீழே இறக்கிப் பார்க்கத் தோன்றும், தோன்றவும் வேண்டும். ஆனால் வீட்டில் இருக்கும் 10–46 தந்திகளை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் மெல்லியதன், தடித்ததன் தடிமன்) அப்படியே இறக்கினால் கிடைப்பது கையஸ் ஒலி இல்லை, தளர்ந்த கம்பியின் சலசலப்பு.

கணக்கு எளியது. ஒரே தந்தியில் இழுவிசை, அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. வழக்கமான ஈ-யின் 82.4 ஹெர்ட்ஸிலிருந்து சி-யின் 65.4-க்கு இறக்கினால் இழுவிசை பழையதில் 63 சதவீதம்தான். அதே இறுக்கம் வேண்டும் என்றால் தடிமனை 1.26 மடங்கு ஆக்க வேண்டும்: 46 என்பது 58 ஆகும், 10 என்பது 12.6. கடைகளில் கிடைக்கும் 12–56 அல்லது 12–60 செட் இதற்குக் கிட்டத்தட்ட பொருந்தும். கொஞ்சம் தளர்வு இருப்பது இந்த இசைக்கு நல்லதே என்பதால் 25.5 அங்குல ஸ்கேல் (தந்தியின் அதிரும் நீளம்) கிட்டாரில் 12–56 எனக்குப் போதுமானதாகப் படுகிறது. 24.75 அங்குலம் என்றால் அதே தந்தியில் இன்னொரு 6 சதவீதம் இறுக்கம் குறையும், அங்கே 12–60 நல்லது. மூன்றாவது தந்தி சுற்றிய தந்தியாக, வூண்டாக, இருக்கும் செட்டை எடுங்கள். இவ்வளவு கீழே சுற்றாத தடித்த மூன்றாவது தந்தி எந்த ஃபிரெட்டிலும் சுருதி சேராது.

சுருதி தடித்ததிலிருந்து: சி, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஜி, சி. டியூனரை குரோமாட்டிக் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டார் நிலையில் இருந்தால் அது ஈ-யைத் தேடிக்கொண்டே இருக்கும். முள் தடுமாறினால் நெக் பிக்கப்புக்கு மாறி, 12-வது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கை அடித்துப் பாருங்கள். தளர்ந்த தந்தியை ஓங்கி அடிக்கும்போது சுருதி ஒரு கணம் மேலே போய் இறங்கும். மெதுவாகத் தடவிச் சுருதி சேர்த்துவிட்டு மேடையில் ஓங்கி அடித்தால் எல்லாம் உயர்ந்து ஒலிக்கும். எந்த பலத்தில் வாசிப்பீர்களோ அதே பலத்தில் அடித்துத்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

பிறகு நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு. 46 தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் 56 உட்காராது, மேலேயே தொத்திக்கொண்டு நிற்கும். அறிகுறிகள் இரண்டு: முதல் ஃபிரெட்டில் எல்லாம் சுருதி ஏறிக் கேட்கும், டியூனிங் செய்யும்போது டிக் டிக்கென்று தாவும். நட் அரத்தால் பள்ளத்தின் அகலத்தைக் கூட்ட வேண்டும், ஆழத்தைக் கூட்டக் கூடாது. ஆழமானால் திறந்த தந்தி ஃபிரெட்டில் உரசும், நட்டையே மாற்ற வேண்டிவரும். பழக்கமில்லாதவர்கள் இதை ரிப்பேர் செய்பவரிடமே விட்டுவிடலாம். அடுத்து இன்டொனேஷன்: தடித்த தந்திக்கு, பிரிட்ஜில் அதைத் தாங்கும் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். 12-வது ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட உயர்ந்திருந்தால் பின்னால், தாழ்ந்திருந்தால் முன்னால். மிதக்கும் டிரெமோலோ உள்ள கிட்டாரில் இந்த வேலை முழுவதும் இரண்டு மடங்கு தலைவலி. ஒவ்வொரு தந்தியும் மற்ற ஐந்தையும் மாற்றும். நிலையான பிரிட்ஜ் உள்ள கிட்டார் ஒன்று இருந்தால் அதை இந்தச் சுருதிக்கே ஒதுக்கிவிடுங்கள்.

பேஸ் கலைஞர்களுக்கு வழி இன்னும் சுலபம். ஐந்து தந்தி செட் வாங்கி, மெல்லிய ஜி தந்தியை ஓரம் வைத்துவிட்டு, பி, ஈ, ஏ, டி நான்கையும் நான்கு தந்தி பேஸில் மாட்டி, ஒவ்வொன்றையும் அரை ஸ்வரம் ஏற்றினால் சி, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் ரெடி. 130 தடிமன் தந்தி சி-யில் நல்ல இறுக்கமாக இருக்கும். இங்கேயும் நட்டையும், கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடையும் பார்க்காமல் விடக் கூடாது.

ஆம்ப் விஷயத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். ஆல்பத்தைக் கேட்டு, ஒலியை உடைக்கும் குமிழான கெயின் பத்தில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். கெயினை ஏற்ற ஏற்ற அடியின் முனை மழுங்கி, எல்லாம் ஒரே சமதளமாகப் பரவும். பத்தில் நான்கு, ஐந்தில் தொடங்குங்கள். மிட் ஆறு, ஏழு. ட்ரெபிளும் பேஸும் அதற்குக் கீழே. பேஸ் குமிழை ஏற்றாமல் எப்படிக் கனம் வரும் என்றால், கனம் ஏற்கெனவே சுருதியிலும் கேபினட்டிலும் இருக்கிறது. சாதாரணக் கிட்டார் ஸ்பீக்கரின் சொந்த அதிர்வு 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், அதற்குக் கீழே அது வேகமாகக் கை விட்டுவிடும். நம் ஸ்வரமோ 65. பேஸ் கேபினட் அதைத் தாராளமாகத் தாங்கும். கூடவே, ட்வீட்டர் இல்லாத பேஸ் ஸ்பீக்கர் நான்கு, ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மங்கிவிடுவதால் ஃபஸ்ஸின் எரிச்சலான இரைச்சலும் தானே வடிகட்டப்படும். கேபினட்டில் ட்வீட்டர் இருந்தால் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ஃபஸ் ஒலி தேனீக்கூட்டமாகிவிடும்.

வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் இம்பீடன்ஸ் பொருத்தத்தைச் சரிபார்த்த பிறகே கேபினட்டை மாற்ற வேண்டும். கேபினட் 8 ஓம் என்றால் ஆம்பின் 8 ஓம் வாயில். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வ் ஆம்பை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். லேப்டாப்பில் வாசிப்பவர்கள் ஆம்ப் சாஃப்ட்வேரில் கேபினட்டை மட்டும் 8x10 அல்லது 1x15 பேஸ் கேபினட்டாக மாற்றிப் பாருங்கள். அதனோடு ஒரு கிட்டார் கேபினட்டையும் கொஞ்சம் கலந்தால் பிக் அடிக்கும் ஓசை திரும்ப வரும். இரண்டும் சேர்ந்ததும் ஒலி மெலிந்தால் ஃபேஸ் மாறியிருக்கிறது, ஒன்றைத் தலைகீழாக்குங்கள். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டாரை வெட்டிவிட்டு அந்த இடத்தைப் பேஸுக்குக் கொடுங்கள்.

கார்டுகளிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இவ்வளவு கீழே ஃபஸ்ஸோடு முழு மேஜர் கார்டு அடித்தால் சேறு. மேலே சொன்ன வித்தியாசக் கணக்கு இங்கே எதிராகத் திரும்பும்: சி-க்கும் அதன் மேஜர் தேர்டுக்கும் வித்தியாசம் சுமார் 17 ஹெர்ட்ஸ். அது ஸ்வரமாகக் கேட்காது, கடகடப்பாகத்தான் கேட்கும். வேரும் ஐந்தாவதும், அல்லது ஒற்றைத் தந்தி ரிஃப். மூன்றாவது ஸ்வரம் வேண்டிய இடத்தில் அதை ஓர் ஆக்டேவ் மேலே வைத்துக்கொள்ளலாம்.

தாழ்ந்த சுருதியின் பெருமை முழுவதும் கையஸுக்கு உரியதும் இல்லை. பிளாக் சாபத்தின் டோனி ஐயோமி, ஆலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், 1971-லேயே ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் சி ஷார்ப் வரை இறங்கியிருந்தார். கையஸ் அதற்கும் அரை ஸ்வரம் கீழே. வித்தியாசம் சுருதியில் மட்டும் இல்லை. ஐயோமியின் ரிஃப் அச்சமூட்டும், ஹாமியின் ரிஃப் மிதக்கும்.

ஆல்பம் கடைக்கு வருமுன்பே பியோர்க் குழுவை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் அதே ஆல்ஃபிரடோ ஹெர்னாண்டஸ். ‘என்.ஓ.’வைப் பெற்ற குழுவின் மூவரில் இருவர் இப்போது கையஸுக்குள். 1995-ல் ‘அண்ட் தி சர்க்கஸ் லீவ்ஸ் டவுன்’ வந்தது, அதே வருடம் குழு கலைந்தது. ஹாமி பிறகு குவீன்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜைத் தொடங்கினார்.

‘ஸ்கை வேலி’க்கு அடுத்து என்ன கேட்பது என்றால், முதலில் பின்னோக்கி ‘ப்ளூஸ் ஃபார் தி ரெட் சன்’. அதே சுருதி, அதே தயாரிப்பாளர், ஆனால் பேஸில் ஒலிவெரி, பாட்டுகள் தனித்தனி. ‘கிரீன் மெஷின்’ பியோர்க்கின் இன்னொரு ரிஃப், ‘கார்டினியா’வோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அதன் பிறகு முன்னோக்கி ‘சர்க்கஸ்’. டிரம்மர் மாறியதும் அதே கிட்டார் எவ்வளவு வேறாக நடக்கிறது என்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும்.